நாங்கள் தள்ளிவிட்ட புள்ளிகள்

1. நிறம் மாறாத மீடியம்

அன்று காலை இன்குபேட்டர் கதவைத் திறந்தவுடன் எனக்கு முதலில் வந்தது கோபம்தான். வெண்ணிலா என்ற பேஷண்டின் பெயர் ஒட்டிய ஃபிளாஸ்க்கில் மீடியம், ஊற்றி வைத்த நாளில் இருந்த அதே ரோஸ் நிறத்தில் இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். ரத்தத்தில் டி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. கெட்டுப்போன செல்லைக் கண்டுபிடித்துக் கொல்வது அதன் வேலை. அதை வெளியே எடுத்து, தட்டி எழுப்புகிற பீட்ஸ் என்ற நுண்மணிகளைச் சேர்த்து, தீனி கலந்த மீடியத்தில் கதகதப்பாக வைத்தால் சில நாளில் பெருகும். பெருகப் பெருக மீடியம் புளித்து மஞ்சளாகும். மைக்ரோஸ்கோப் வைக்கும் முன்பே நிறத்தைப் பார்த்துப் பாதி சொல்லிவிடலாம். ரோஸ் என்றால் உள்ளே யாரும் சாப்பிடவே இல்லை என்று அர்த்தம்.

நான் பிறந்தது பெங்களூர் ஸ்ரீராம்புரத்தில். வேலை பெங்களூரிலேயே ஒரு கேன்சர் மருத்துவமனை லேபில், ஃப்ளோ மெஷின் பிரிவில். முழுப் பெயர் கஜலட்சுமி. லேபில் எல்லாருக்கும் கஜா மேடம். பின்னால் என்ன சொல்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும், அது இங்கே வேண்டாம். மெஷினோடு சண்டை போட்டே தலை நரைத்துவிட்டது. ஆனால் ஒரு செல் தன் வேலையைச் செய்யாமல் சும்மா கிடப்பதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பொறுக்காது.

இன்குபேட்டர்தான் காலை வாரிவிட்டதோ என்று பார்த்தேன். சூடு சரி, வாயு சரி. பக்கத்தில் எங்கள் ஸ்டாஃப் ஒருவருடைய ரத்தத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஃபிளாஸ்க் நல்ல எலுமிச்சை மஞ்சளில் இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் அவருடைய டி செல்கள் கொத்துக் கொத்தாகக் கூடி நின்றன. வெண்ணிலாவுடையவை தனித்தனியாகச் சிதறிக் கிடந்தன. சாகவில்லை. சாயம் போட்டுப் பார்த்தேன், முக்கால்வாசி உயிரோடுதான் இருந்தன.

டாக்டர் ஸ்ரீவத்சா வந்து குனிந்து பார்த்தார். எங்கள் பிரிவுக்கு அவர்தான் தலைவர். மைசூர்க்காரர். என்னோடு அவர் பேசுகிற தமிழில் பாதி கன்னடம், நான் அவரோடு பேசுகிற கன்னடத்தில் பாதி தமிழ்.

"பக்கத்துது நோடி, பாருங்க, எவ்ளோ சூப்பரா வந்திருக்கு. இன்குபேட்டர் மேல தப்பில்ல. இந்தம்மாவோட டி செல் எல்லாம் டயர்ட் ஆகிப்போச்சு கஜா மேடம். மீட்டிங்ல சொல்லிடறேன்."

"இன்னான்னு சொல்வீங்க சார்?"

"ஆகல்லன்னு." முடியாது என்பதற்கு அவருடைய கன்னடம்.

அந்த ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். வெண்ணிலாவுக்கு, பி செல் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுவில் வரும் லுக்கேமியா, அதாவது ரத்தப் புற்று. ஒருமுறை குணமாகித் திரும்பி வந்திருந்தது. மருந்துகள் ஒவ்வொன்றாகத் தோற்ற பிறகு மிச்சமிருந்த ஒரே வழி, அவளுடைய டி செல்களையே எடுத்து, லுக்கேமியா செல்லை அடையாளம் காணும்படி லேபில் மாற்றி, பெருக்கி, திரும்ப அவளுக்கே ஏற்றுவது. அதற்கு முன்னால் கொஞ்சம் ரத்தத்தில் ஒத்திகை பார்ப்பது எங்கள் லேபின் பழக்கம். ஒத்திகையில் பெருகாத செல்லை நம்பி யாரும் பெரிய ஏற்பாட்டில் இறங்குவதில்லை. சிகிச்சையை முடிவு செய்கிற டாக்டர்கள் மீட்டிங்கில் "ஆகல்ல" என்றால், அதற்கப்புறம் வலிக்கு மருந்து கொடுப்பது மட்டும்தான்.

2. "கேக்கக்கூடாதா?"

ட்யூப் நாலு கை மாறி வந்தால் செல் கெட்டுவிடும் என்று நானே வார்டுக்குப் போய் வாங்கி வருவேன். அப்படித்தான் வெண்ணிலாவைத் தெரியும். பொம்மனஹள்ளியில் ஒரு கார்மென்ட் ஃபேக்டரியில் செக்கர். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். புருஷன் முருகேஷ் தண்ணீர் கேன் போடுகிறவர். மகள் இரண்டாம் வகுப்பு. கிருமி தொற்றும் என்று குழந்தையை வார்டுக்குள் விடமாட்டார்கள், வீடியோ காலில்தான் பார்ப்பாள். குழந்தையும் போனை மூக்கோடு ஒட்டி வைத்துக்கொண்டு பேசும், அதனால் இவள் பார்ப்பதெல்லாம் ஒரு மூக்கு மட்டும்தான்.

அன்று மதியம் வழக்கமான ரத்தம் வாங்கப் போனேன். மீட்டிங் விஷயம் அவளுக்குத் தெரியாது. ஆனால் ஒத்திகை சரியாக வரவில்லை என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள்.

"மேடம், போன ரிப்போர்ட்ல டி செல்லு நார்மல்னு போட்டு இருந்துச்சே. நீங்கதானே போட்டது?"

"ஆமாம்மா. எண்ணிக்கை நார்மல்தான்."

"ஆளு கரெக்டா இருக்குது. வேல மட்டும் நடக்கல. அது எப்டி மேடம்?"

"டயர்ட் ஆயிடுச்சு" என்று டாக்டர் சொன்னதையே சொல்லலாம்தான். ஆனால் அது பதில் இல்லை, பதிலுக்கு மேல் போர்த்திய துணி என்று அப்போதே தோன்றியது. எதைச் செய்து டயர்ட் ஆனது? எப்போது ஆனது?

முருகேஷ் குறுக்கே வந்தார். "ஏய், மேடத்த கேள்வியா கேட்டு சாவடிக்காத. அவங்களுக்கு ஆயிரம் வேல கீது."

"சாவப்போறது நானு. கேக்கக்கூடாதா?" என்றாள்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. பஸ்ஸில் சில்லறை கேட்பது போலச் சொன்னாள். முருகேஷ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் ட்யூபை ஆட்டிக்கொண்டே, "பாத்துட்டு வந்து சொல்றேன்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். படி இறங்கும்போது எனக்கு அவள்மேல் பரிதாபத்தைவிட அந்தக் கேள்விமேல் ஆசை அதிகமாக இருந்தது. இப்படிச் சொல்வது கல்நெஞ்சாகத் தெரியலாம். ஆனால் அந்த ஆசை இல்லாதவர்கள் லேப் வேலைக்கு வந்து பிரயோஜனமில்லை.

3. ஜோடியைத் தள்ளு

ஃப்ளோ மெஷின் செய்வது எளிமையான வேலைதான். செல்களுக்கு வகைக்கொரு ஒளிரும் சாயத்தைப் பூசி, மெல்லிய நீர்த்தாரையில் ஒவ்வொன்றாக லேசர் முன்னால் ஓடவிடும். ஒவ்வொரு செல்லும் திரையில் ஒரு புள்ளி. எந்தச் சாயத்தில் மின்னுகிறது என்பதை வைத்து இது டி செல், இது லுக்கேமியா செல் என்று பிரிப்போம்.

சில நேரம் இரண்டு செல்கள் ஒட்டிக்கொண்டு ஓடும். மெஷின் அதை ஒரே செல் என்று எண்ணிக்கொள்ளும். அதனால் கணக்கு கெடும். அதற்குப் பெயர் டப்லெட். எந்த சாம்பிளாக இருந்தாலும் முதல் வேலை, திரையில் ஒரு கோடு போட்டு டப்லெட்டை எல்லாம் ஒதுக்குவது. உலகம் முழுக்க எல்லா லேபிலும் இதுதான் பழக்கம். எங்கள் லேபில் நான் இதை ஒரு கோஷமாகவே ஆக்கி வைத்திருந்தேன். "ஜோடியைத் தள்ளு, அப்புறம் பேசு" என்பேன். தள்ளிய புள்ளிகள் ஃபைலிலிருந்து அழிவதில்லை. கண்ணிலிருந்து மறைகின்றன, அவ்வளவுதான்.

அன்று வெண்ணிலாவின் பழைய ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டி செல் எண்ணிக்கை சரி. அதன்மேல் பிடி-1 என்று ஒரு புரதம் இருக்கும், டி செல்லுக்கு அது பிரேக் பெடல் மாதிரி. அது கொஞ்சம் கூடுதல். ஆனால் ஒரேயடியாக ஓய்ந்துபோன செல்லில் பார்க்கிற அளவுக்கு இல்லை. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது. பார்க்காதது எது என்று யோசித்தபோது, கோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளியதுதான் மிச்சம் இருந்தது.

திறந்தேன். டி செல் சாயமும் லுக்கேமியா சாயமும் ஒன்றாக மின்னுகிற புள்ளிகள் ஒரு குவியலாக இருந்தன. அந்தச் சாயம் சாதாரண பி செல்லிலும் ஒட்டும், ஆனால் ஸ்டாஃப் ரத்தத்தில் அதே இடத்தில் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தன.

டாக்டரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் அசரவில்லை.

"சில்க் போர்ட் சிக்னல்ல ரெண்டு பைக் ஒட்டிகிட்டு நின்னா, ரெண்டு பேரும் ஃப்ரெண்ட்ஸா மேடம்? கூட்டம், அஷ்டே, அவ்ளோதான். இந்தம்மா ரத்தத்துல லுக்கேமியா செல் ஜாஸ்தி. ஜாஸ்தி இருந்தா பக்கத்துல மாட்டும்."

"அப்போ கூட்டத்த கொறச்சுப் பாத்துடலாம் சார்."

"பாருங்க. குறைஞ்சா நான் சொன்னது சரி."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த எரிச்சலோடுதான் வேலை செய்தேன். அன்று வாங்கி வந்த ரத்தத்தை நன்றாக நீர்க்க வைத்து, மெஷினை ஆமை வேகத்தில் ஓட்டினேன். தற்செயலாகப் பக்கத்தில் வந்தவை என்றால் குவியல் கரைந்துவிட வேண்டும். மற்ற ஜோடிகள் கரைந்தன. இது மட்டும் கரையவில்லை. டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் அன்றைக்குச் சாப்பிடப் போகவே இல்லை.

அந்த ஜோடிகளைப் பிரித்தெடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கலாம் என்றது அவர்தான். டி செல் ஒரு எதிரியைப் பிடிக்கும்போது, தன் உள்ளெலும்பு மாதிரியான இழைகளை எல்லாம் அந்தப் பக்கமாகக் குவித்து, இறுக்கி, விஷத்தை ஊசி போல இறக்கிவிட்டு விலகும். அந்த இழைக்குத் தனிச் சாயம் உண்டு. சாயம் போட்டோம். எங்கள் ஸ்டாஃபின் டி செல்லை, அது எதிரியாகப் பார்க்கிற ஒரு செல்லோடு சேர்த்து வைத்ததில், ஒட்டிய இடத்தில் பளிச்சென்று ஒரு பட்டை தெரிந்தது. வெண்ணிலாவின் ஜோடியில் பட்டையே இல்லை. இரண்டும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு ஒட்டியிருந்தன. டி செல்லின் இழை சுற்றிலும் சோம்பேறித்தனமாகப் பரவிக் கிடந்தது.

"புடிச்சிருக்கு, ஆனா அடிக்கல," என்றேன்.

"இல்ல மேடம். யாரு யார புடிச்சிருக்காங்க அப்டின்னு கேளுங்க," என்றார் டாக்டர். அந்த நிமிஷத்திலிருந்து எங்கள் இருவருக்கும் ஒரே பைத்தியம் பிடித்துக்கொண்டது.

லுக்கேமியா செல் டி செல்லைக் கொல்வது அபூர்வம். அதை அடக்கி வைக்கத்தான் பல வழி வைத்திருக்கிறது. ஒட்டி நின்று அந்த பிரேக் பெடலை மிதிக்கும். டி செல்லைச் சாந்தப்படுத்துகிற ரசாயனங்களை அக்கம்பக்கத்தில் கசியவிடும். டி செல் பெருகத் தேவையான சத்தை முந்திக்கொண்டு தின்றுவிடும். உடம்பிலேயே இருக்கிற, சண்டையை நிறுத்தச் சொல்கிற இன்னொரு வகை டி செல்லைத் தன் பக்கம் சேர்த்துக்கொள்ளும். இதெல்லாம் படித்ததுதான். ஆனால் படித்தது ஒரு ஆளின் ரத்தத்தில் கன்னம் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது வேறு.

4. இன்னொரு ட்யூப்

ஒட்டியிருப்பதைப் பார்த்துவிட்டால் மட்டும் ஒன்றும் நிரூபணம் ஆகிவிடாது. ஓய்ந்துபோன டி செல்லும் சும்மா ஒட்டிக்கொண்டு நிற்கலாம். அடக்கி வைக்கப்பட்டதா, உண்மையிலேயே தீர்ந்துபோனதா என்று தெரிய ஒரே வழி, இரண்டையும் பிரித்து, டி செல்லைக் கொஞ்சம் தனியாக ஓய்வெடுக்க விட்டு, மறுபடி எழுப்பிப் பார்ப்பது. அதற்கு இன்னும் ரத்தம் வேண்டும், நாளும் வேண்டும்.

அங்கேதான் டாக்டருக்கும் எனக்கும் நிஜமாகவே தகராறு வந்தது.

"மேடம், வெயிட் பண்ற ஒவ்வொரு நாளும் அந்தம்மாவோடது. லுக்கேமியா ஏறிகிட்டே இருக்கு. நம்ம ஆர்வத்துக்கு அவங்க நாள செலவு பண்ணக்கூடாது."

"ஆகல்லன்னு சொல்லிட்டா மட்டும் அவங்களுக்கு நாள் கூடவா போவுது?"

"அப்டி இல்ல. வீட்டுக்குப் போலாம். பொண்ண மடியில வச்சிக்கலாம். அது சின்ன விஷயமா?"

சின்ன விஷயம் இல்லைதான். வீடியோவில் தெரிகிற அந்த மூக்கு எனக்கும் ஞாபகம் வந்தது. நான் கேட்பது வெண்ணிலாவுக்காகவா, கேள்விக்காகவா என்று எனக்கே சந்தேகம் வந்தது. பயமாகவும் இருந்தது.

கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். இன்றைக்கே ரத்தம் எடுத்துவிட்டு, உடனே, குணமாக்காவிட்டாலும் லுக்கேமியாவைக் கொஞ்ச நாள் குறைத்து வைக்கிற ஒரு மருந்தை ஆரம்பிப்பது. சோதனை தோற்றாலும் அந்த மருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுகம் கிடைக்கும், நாள் வீணாகாது. ஆனால் மொத்தத்தையும் அவளிடம் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார். நாங்கள் இருவரும் சேர்ந்தே போனோம்.

டாக்டர் ஒளிக்காமல் சொன்னார். இது பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம், வேண்டாம் என்றால் வீட்டுக்குப் போகிற ஏற்பாட்டைச் செய்கிறோம் என்றார். முருகேஷ் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அது தூங்குதா செத்துச்சான்னு தெரியாமயே வூட்டுக்குப் போவ சொல்றீங்களா சார்?" என்றாள் வெண்ணிலா. "எடுத்துக்கோங்க." கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நரம்பு கிடைக்கவே பாடுபட வேண்டியிருந்தது.

அந்த ரத்தத்தை ஒரு பிளேட்டின் மூன்று குழிகளில் பிரித்து வைத்தேன். முதல் குழியில் இருந்தபடியே, டி செல்லும் லுக்கேமியா செல்லும் ஒன்றாக. இரண்டாவதில், காந்த பீட்ஸால் லுக்கேமியா செல்லை எல்லாம் இழுத்தெடுத்துவிட்டு டி செல் மட்டும். மூன்றாவதில் இரண்டும் உண்டு, ஆனால் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு. செல் தாண்ட முடியாது, கசிகிற ரசாயனம் தாண்டும். ஒட்டினால்தான் அடக்க முடியுமா, தூரத்திலிருந்தே முடியுமா என்று பார்க்க அது. மூன்றாவது குழி வெண்ணிலாவுக்குத் தேவையே இல்லை, எங்கள் பைத்தியத்துக்குத்தான் என்று நினைத்தோம். பிறகு அதுவும் உதவியது.

இன்குபேட்டரை அடிக்கடி திறந்தால் சூடு போய்விடும் என்று மற்றவர்களைத் திட்டுகிறவள் நான். அந்த வாரம் டாக்டர் நான் இல்லாத நேரம் பார்த்துத் திறந்து பார்த்தார். நான் அவர் இல்லாத நேரம் பார்த்துத் திறந்து பார்த்தேன். இருவரும் ஒரே நேரத்தில் கதவருகே மாட்டிக்கொண்டு அசடு வழிந்ததும் உண்டு.

ஓய்வு கொடுத்த பிறகு மூன்றிலும் தட்டி எழுப்புகிற பீட்ஸைப் போட்டிருந்தேன். முதல் குழி ரோஸாகவே இருந்தது. இரண்டாவது குழி முதலில் ஒன்றும் செய்யவில்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்ட ஒரு காலையில் மெல்லிய ஆரஞ்சு தெரிந்தது. லைட்டு வெளிச்சமோ என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். அடுத்த நாள் மஞ்சள். மைக்ரோஸ்கோப்பில் கொத்துக் கொத்தாகக் கூடி நின்றன. ஸ்டாஃபின் செல் அளவுக்கு இல்லை. எழுந்திருக்காமலே போனவையும் இருந்தன. ஆனால் பெரும்பங்கு எழுந்துவிட்டது.

"எந்த டயர்டும் இல்ல சார்! அமுக்கி வச்சிருந்துது!" என்று கத்திவிட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே என் கையிலிருந்த பிளேட்டைப் பத்திரமாக வாங்கிக் கீழே வைத்தார். ஆட்டிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

மூன்றாவது குழி இரண்டுக்கும் நடுவே நின்றது. பாதி எழுச்சி. ஒட்டி நின்றும் அடக்குகிறது, எட்டி நின்று கசியவிட்டும் அடக்குகிறது. ஆகவே லுக்கேமியா செல்லைப் பிரித்தால் மட்டும் போதாது, அது கசியவிட்ட நீரையும் நன்றாக அலசிவிட வேண்டும் என்று தெரிந்தது. பெரிய அளவில் செய்யும்போது அந்த அலசலைக் கூட்டிக்கொண்டோம்.

5. அதற்குப் பிறகு

மீட்டிங்கில் டாக்டர் "ஆகத்தே" என்றார். ஆகும் என்பதற்கு அது.

மருந்தில் லுக்கேமியா கொஞ்சம் இறங்கியதும் வெண்ணிலாவின் டி செல்களைச் சேகரித்து, பிரித்து, அலசி, ஓய்வெடுக்க விட்டு, மாற்றி, பெருக்கினார்கள். ஏற்றிய சில நாளில் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். டி செல்கள் வேலையை ஆரம்பித்துவிட்டால் அப்படி வரும் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் கண்ணாடிக்கு வெளியே நின்ற முருகேஷிடம் "இது நல்ல காய்ச்சல்" என்று எப்படிச் சொல்வது? நான் சொல்லவில்லை. அவருக்கும் எனக்கும் டீ வாங்கி வந்து பக்கத்தில் நின்றேன். இரண்டு பேருமே அதைக் குடிக்கவில்லை.

காய்ச்சல் இறங்கியது. அவள் வீட்டுக்குப் போனாள்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லித்தருவது கொஞ்சம் மாறியிருக்கிறது. ஜோடியைத் தள்ளத்தான் வேண்டும், கணக்கு சரியாக வர வேறு வழியில்லை. ஆனால் தள்ளும் முன் யார் யாரோடு ஜோடி சேர்ந்திருக்கிறார்கள் என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தள்ளுங்கள் என்கிறேன். நார்மல் என்று எழுதும்போது, எண்ணிக்கைதான் நார்மல், வேலையைப் பற்றி நமக்குத் தெரியாது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன். யாராவது "டயர்ட்" என்று சொன்னால் மட்டும் இன்னமும் எனக்குக் கோபம் வருகிறது.

சில மாதம் கழித்து செக்கப்புக்கு வந்தபோது வெண்ணிலா நேராக லேப் வாசலுக்கே வந்துவிட்டாள். தலையில் முடி குட்டையாக முளைத்திருந்தது. அந்த ஜோடியின் படத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். டாக்டர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினேன். பச்சையில் இருப்பது டி செல், சிவப்பில் இருப்பது லுக்கேமியா செல் என்று சொன்னேன்.

"இதுல எது மேடம் என்னுது?"

"ரெண்டும் உன்னுதுதாம்மா."

திரைக்குக் கிட்டே குனிந்தாள். "ரெண்டும் என் ஒடம்புலயே பொறந்ததா? நல்லா கீது போ," என்றாள். பிறகு பச்சை செல்லின்மேல் விரலை வைத்து, "இது எழுந்துகிச்சு இல்ல?" என்று கேட்டாள்.

"எழுந்துடுச்சும்மா."

ஸ்கூல் விடுகிற நேரம், மகளைக் கூட்டிவரப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள். அன்று அவளிடமிருந்து எடுத்த ட்யூப் என் மேசையில் இருந்தது. சாயம் போட்டு மெஷினில் வைத்தேன். திரையில் ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்து, லுக்கேமியா செல் ஒளிந்துகொள்ளக்கூடிய எல்லா இடத்திலும் தேடினேன். ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் தேவையில்லை என்று தெரிந்தும் கோட்டுக்கு அந்தப் பக்கம், நாங்கள் எப்போதும் தள்ளிவிடுகிற இடத்தைத் திறந்து பார்த்தேன். அங்கேயும் யாரும் இல்லை. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரிப்போர்ட்டை டைப் பண்ண ஆரம்பித்தேன்.